சோழகம் என்று நான் பெயர் வைத்த காற்று

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு வெக்கைக் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்றார்கள். நான் இரண்டு வேலை பார்த்தவன். ஊரில் வானிலை நிலையத்தில் அவதானிப்பாளன். இங்கே இத்தாலியின் பலேர்மோவில், ஒரேத்தோப் பகுதி அடுக்குமாடி ஒன்றின் வாசலைப் பார்த்துக்கொள்ளும் போர்த்தியேரே. கேட்டவர்கள் முதல் வேலையை மனதில் வைத்துத்தான் கேட்டார்கள். நான் எழுத வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

மலர்க் குழுவின் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை எழும்பி, "அங்கிள், பெரிய விளக்கம் வேண்டாம். யன்னலைத் திறக்கிறதோ மூடுறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

பின்வரிசையில் இருந்த ஒருவர், "அதை ஜசிந்தாட்டைக் கேள் பிள்ளை. அவ நல்லாத் திறப்பா" என்றார்.

சிரித்தார்கள். ஜசிந்தா அங்கே இல்லை. நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் சிரிக்கிறவனைப்போல வாயை வைத்துக்கொண்டு இருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜசிந்தா மன்னாரைச் சேர்ந்தவர். நான் வேலை செய்த கட்டடத்தின் மேல்மாடியில் சிஞ்ஞோரா நுன்சியா, நம் வழக்கில் நுன்சியா அம்மா, என்ற முதியவரைப் பராமரித்தவர். ஒரு கடும் வெக்கை நாளில், சிஞ்ஞோரா மூடச் சொன்ன யன்னல்களை ஜசிந்தா தன் வசதிக்காகத் திறந்துவிட்டார், அதனால் அந்த அம்மா இறந்துபோனார் என்பது நம்மவர்களிடையே உலவும் கதை. 'யன்னல் ஜசிந்தா' என்றே பெயர். அதற்குப் பிறகு அவருக்குப் பராமரிப்பு வேலை கிடைக்கவில்லை. வேலைக்கு ஆள் சொல்லிவிடுகிறவர்கள் நாங்கள்தானே. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

அந்தக் கதை பிழை. அதைத் திருத்துவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வெக்கையைப் பற்றியும் சொல்வேன், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

என் படிப்புக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். பௌதிகவியலில் பட்டம். பிறகு வானிலை நிலையத்தில் பயிற்சி. உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள், அமுக்கமானி, காற்றுத்திசைகாட்டி. இரசம் நிற்கும் மட்டத்துக்கு நேரே கண்ணை வைத்து வாசி. உன் மூச்சுச் சூடு படுவதற்கு முன் வாசி. வாசிக்காததை ஊகித்து எழுதாதே. அந்த வருடங்களில் கற்றது இவ்வளவுதான். சண்டை வந்தது. நிலையம் பூட்டிக் கிடந்தது. நான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இங்கே என் மேலாளர் தொன் சாரோ. கட்டடத்தின் போர்த்தியேரே அவர், படி கூட்டிக் கழுவும் உதவியாள் நான். கடும் வெய்யிலிலும் கம்பளி உட்சட்டையைக் கழற்றாத மனிதர். நான் எதைக் கேட்டாலும் மோவாயை மேலே தூக்கி 'ச்சு' என்று நாக்கால் ஒரு சத்தம் போடுவார். நம்மவர்களுக்கு அது இரக்கப்படுகிற சத்தம் அல்லவா? அகதியாக வந்தவன்மீது பரிவு காட்டுகிறார் என்று நினைத்து ஆரம்பத்தில் நன்றியோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். 'இல்லை, முடியாது' என்பதற்கு இந்த ஊர்க்காரர் போடும் சத்தம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. லீவு கேட்டேன், ச்சு. புதிய வாளி கேட்டேன், ச்சு. இரண்டுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அவருடைய ஒரு பழக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். கோடையில் காலையில் முதல் வேலையாக மொட்டைமாடிக்கு ஏறித் தெற்கே பார்ப்பார். சியாகுல்லித் தோட்டங்களுக்குப் பின்னால் நிற்கும் மலைகள் வழக்கத்தைவிடக் கிட்ட வந்துவிட்டதுபோல, பாறைக்குப் பாறை துலக்கமாகத் தெரிந்தால், பேச்சில்லாமல் கீழே இறங்கத் தொடங்குவார். மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு வீட்டு மணியாக அடிப்பார். கதவு திறந்தால் ஒரே சொல்: "மூடு." முதலில் தெற்கும் மேற்கும் பார்த்த யன்னல்கள். வெளியே இருக்கும் மரச்சட்டப் பலகைக் கதவு, பிறகு கண்ணாடி, பிறகு உட்பலகை. வடக்கே பார்த்த சமையலறை யன்னலை ஒரு விரல் அளவு விடலாம், வெய்யில் ஏறியதும் அதுவும் மூட வேண்டும். படிக்கட்டின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூரையின் கயிற்றை இழுத்துக் கட்டுவார். வருடம் முழுக்கத் திறந்து கிடக்கும் தெருக்கதவையும் சாத்துவார். பிறகு நான் சலவைக்கல் படிகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கட்டடம் முழுவதும் இருட்டாகிவிடும். பழைய குடியிருப்பாளர்கள் அவர் வருவதற்கு முன்னமே மூடியிருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் எங்களைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கும்தான் அந்தச் சுற்று.

எனக்கு அது மூடத்தனமாகப் பட்டது. ஒருநாள் எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் அவருக்குப் பாடமே எடுத்தேன். காற்று ஓடினால்தான் வேர்வை ஆவியாகும், ஆவியானால்தான் உடம்பு குளிரும், மூடிய அறையில் இது எப்படி நடக்கும் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே கயிற்றைக் கட்டி முடித்தார். "ச்சு" என்றார். "இப்படித்தான் செய்வது." காரணம் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். சொல்லவில்லை என்பதால் மனதுக்குள் இகழ்ந்தேன். காரணம் தெரியாமல் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ய முடியாது என்பது அப்போது என் எண்ணம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். அந்தக் காற்றை இந்த ஊர்க்காரர் ஷிரோக்கோ என்பார்கள். புதிதாக வரும் நம்மவர்கள் என்னிடம், "வெதர் அண்ணை, இதென்ன காத்து?" என்று கேட்பார்கள். வெதர் அண்ணை என்பது எனக்குக் கிடைத்த பட்டம். எனக்குப் பிடித்த பட்டமும்கூட. நான் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்து, "தெற்கிலையிருந்து வருது, வெய்யில் காலத்திலை வருது. வேறென்ன, எங்கடை சோழகம்தான்" என்பேன். அவர்கள் முகம் மலர்ந்துவிடும். இன்று பலேர்மோவில் தமிழர் எல்லோரும் அதைச் சோழகம் என்றுதான் சொல்கிறார்கள். தொடக்கி வைத்தவன் நான்.

அதைவிடப் பிழையான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. நம் ஊர்ச் சோழகம் கடலுக்கு மேலால் வருவது. ஈரமும் இருக்கும், நம் தோலைவிடச் சூடு குறைவாகவும் இருக்கும். அதனால்தான் யன்னலைத் திறந்துபோட்டு அதற்கு நேரே பாயை விரித்துப் படுத்தோம். இங்கே வருவது பாலைவனத்தில் பிறந்து, கடலைத் தாண்டி, இந்தத் தீவின் மலைகளில் ஏறி, மறுபக்கம் எங்கள்மேல் இறங்குகிற காற்று. ஏறும்போது குளிர்ந்து ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். இறங்கும்போது அமுக்கம் கூடிக்கொண்டே போவதால் நெருங்கிச் சூடேறும். சைக்கிள் பம்பின் அடி சுடுவது எதனாலோ அதே காரணம்தான். உலர்ந்த காற்று நூறு மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பாகை கூடும். பலேர்மோவை அடையும்போது அது நம் தோலைவிடச் சூடாக இருக்கும். அப்படிப்பட்ட காற்றுக்கு ஓட்டம் கொடுத்தால் அது உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகாது, கொண்டுவந்து கொட்டும். வாலிபர் தண்ணீரைக் குடித்து, வேர்த்துச் சமாளிப்பார்கள். முதியவர்களுக்குத் தாகமும் தெரியாது, வேர்வையும் வராது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பயிற்சியில் படித்த பாடம்தான். ஆனால் 'சோழகம்' என்று ஒருமுறை சொன்ன பிறகு நான் அந்தக் காற்றை வாசிக்கவில்லை, பெயரைத்தான் வாசித்தேன். கோடையின் சராசரி வெப்பநிலை இங்கும் ஊரிலும் பெரிய வித்தியாசமில்லை என்று கூட்டங்களில் சொல்லித் திரிந்திருக்கிறேன். அது காலநிலை, பல வருடங்களைக் கூட்டி வகுத்தால் வருவது. சிஞ்ஞோரா நுன்சியா இருந்த அறைக்குள் வந்தது ஒரு நாளின் வானிலை.

இந்த இடத்தில் எழும்பி வீட்டுக்குள் நடந்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் மலைகள் கிட்டத் தெரிகின்றன. எல்லாப் பலகைகளும் மூடித்தான் இருக்கின்றன, இருந்தும் போய்த் தொட்டுப் பார்த்தேன். இனி நிறுத்தாமல் எழுதுகிறேன்.

தொன் சாரோ ஓய்வு பெற்றுப் போனதும் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதோடு வாசலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் கிடைத்தது. மனைவியும் பிள்ளைகளுமாக அதில் இருந்தோம். குளிரூட்டி வாங்கியவர்கள் தாங்களாகவே மூடிக்கொண்டார்கள். மற்றவர்களை நான் எழுப்பவில்லை. மணி அடிக்கும் அந்தச் சுற்றை மெல்ல மெல்ல விட்டுவிட்டேன்.

சிஞ்ஞோரா நுன்சியா குளிரூட்டி வைக்கச் சம்மதிக்காதவர். எலும்பு வலிக்கும் என்பார். அந்த நாளில் மதியத்துக்குச் சற்று முன் ஜசிந்தா கீழே இறங்கி வந்தார். நான் வாசல் அறையில் மின்விசிறிக்கு முன்னால் இருந்தேன்.

"அண்ணை, விடிய மூடு மூடு எண்டு ஒரே கரைச்சல் குடுத்தவ. எல்லாத்தையும் மூடினனான். இப்ப இருட்டுக்கை ஒரு மாதிரிக் கிடக்கிறா. தண்ணியும் ரெண்டு முடறுக்கு மேலை இறக்கிறா இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. கொஞ்சம் காத்து வர விடட்டோ?"

"வேர்க்குதோ அவவுக்கு?"

"இல்லை. தோல் காஞ்சு போய்க் கிடக்கு."

"அப்ப வெக்கை உடம்பிலை ஏறேல்லை. திற. ரெண்டு பக்கமும் திற, காத்து ஊடறுத்து ஓடவேணும். சோழகம்தானே."

"அவவின்ரை மகள் பேசுவா அண்ணை. மூடித்தான் வைக்கச் சொன்னவ."

"அவைக்கு என்ன தெரியும்? ஆர் வானிலையிலை வேலை செய்தது, நானோ அவையோ? நான் சொல்லுறன், திற."

"நீங்கள் சொன்னாச் சரி" என்று மேலே போனார்.

என் தலைக்கு மேலே சுவரில் வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேர்க்கவில்லை என்பதை நல்ல குறி என்று எடுத்தேன். ஊரில் வெக்கை என்றால் வேர்வை, அது நெஞ்சில் நிற்கும், சட்டையில் ஊறும். உலர்ந்த காற்றில் வேர்வை கண்ணில் படுமுன் காய்ந்துவிடும். அதைவிட, கடும் வெக்கையில் ஒரு முதியவருக்கு வேர்வையே வரவில்லை என்றால் உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. ஜசிந்தா கொண்டுவந்தது ஆபத்தின் அறிகுறி. அதை வைத்தே ஆபத்தில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். உண்மையில் அப்போதே அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பிற்பகலில் ஜசிந்தா தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, ஓடி வாங்கோ. அவ கதைக்கிறா, ஆனா ஒண்டும் விளங்கேல்லை."

போனேன். அறைக்குள் காற்றின் வேகத்தில் திரைச்சீலை கிடையாக நின்றது. வெறுங்காலுக்குச் சலவைக்கல் தரை சுட்டது. காற்று நன்றாகப் படட்டும் என்று ஜசிந்தா கட்டிலையே இழுத்து யன்னலுக்கு நேரே போட்டிருந்தார். சிஞ்ஞோராவின் கை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல இருந்தது. ஜசிந்தா ஈரத்துணியோடு பக்கத்தில் நின்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்புலன்ஸில் வந்தவர்களில் ஒருவர் நோயாளியைத் தொடுவதற்கு முன்பே யன்னல்களைப் படபடவென்று மூடினார். மூடும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

சில நாளில் சிஞ்ஞோரா மருத்துவமனையில் இறந்துபோனார். மூடி வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? வயதானவர், இதயம் பலவீனம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

அவரைக் கொண்டுபோன அன்றே மகள் ஓடி வந்தார். படியடியில் ஜசிந்தாவை நிறுத்தி, "யார் திறந்தது?" என்று கேட்டார்.

"நான்" என்றார் ஜசிந்தா.

"ஏன்?"

ஜசிந்தா என்னைப் பார்த்தார். நான் மின்தூக்கியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். இன்னொரு மனிதர் எனக்காக அவ்வளவு நேரம் காத்து நின்றதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நான் வாயைத் திறந்து, "இன்று சூடு மிக அதிகம், சிஞ்ஞோரா" என்றேன். அது பொய் இல்லை.

ஜசிந்தா பார்வையை என்னிடமிருந்து எடுத்தார். "எனக்கு மூச்சு முட்டியது. அதனால் திறந்தேன்" என்று மகளிடம் சொன்னார்.

ஏன் பேசாமல் நின்றேன்? வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மற்றப் பாதி, வெதர் அண்ணைக்குக் காற்றுத் தெரியவில்லை என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம். இரண்டில் எது பெரியது என்று இப்போது தெரிகிறது. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், ஓய்வு பெற்று வேறு வீட்டுக்கும் வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை.

ஜசிந்தாவுக்கு வேலை போனது. பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற காலம், வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவில், அதைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தில், போய் நிற்க முடியாது. கிடைத்ததைப் பிடித்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் பின்கட்டு. அங்கேதான் இன்றுவரை.

சிஞ்ஞோராவைக் கொண்டுபோன அடுத்த நாளே நான் தொன் சாரோவின் சுற்றைத் திரும்பத் தொடங்கினேன். ஓய்வு பெறும்வரை ஒரு ஷிரோக்கோ நாளும் தவறவிடவில்லை. பொறுப்பான ஆள் என்றார்கள். அதை யாரும் பிராயச்சித்தம் என்று எடுக்க வேண்டாம். என் வேலையை அப்போதுதான் செய்யத் தொடங்கினேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, பெயரை விடுங்கள், வெப்பமானியைப் பாருங்கள். வெளியே, உள்ளே இருப்பதைவிடச் சூடு என்றால் மூடுங்கள், வெளியே குளிர்ந்த பிறகு திறவுங்கள். தாகம் இல்லை என்று சொன்னாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். தோலை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருங்கள். வேர்வை நின்றாலோ, பேச்சு மாறாட்டமானாலோ என்னைப்போல ஒருவனிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்தக் கூட்டம் முடிந்து சில நாளில் பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனேன். ஜசிந்தா உணவகத்தின் பின்பக்கத்தில் ஒரு வாளிக்கு முன்னால் இருந்து சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வெதர் அண்ணை, இஞ்சாலைப் பக்கம்? மழை வரப்போகுதோ?"

"மலரிலை எழுதப்போறன்" என்றேன். "திற எண்டு சொன்னது நான் எண்டு."

கை நிற்கவில்லை. "இப்ப ஏன்?"

"கூட்டத்திலை உன்னைச் சொல்லிச் சிரிச்சவை."

"அவை எப்பவும் சிரிக்கிறவைதானே. அண்டைக்குத்தான் காது கேட்டதோ?"

"இல்லை. முந்தியும் கேட்டிருக்கிறன்."

"ஓம்" என்றார். ஒரு சிப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு எறிந்தார்.

"உனக்கு விருப்பமில்லையெண்டால் எழுதேல்லை, தங்கச்சி."

"அதுவும் என்ரை தலையிலையோ? நல்லாயிருக்கு." முதல் தடவையாக நிமிர்ந்தார். "எழுதிறதெண்டால் ஒழுங்கா எழுதுங்கோ. எனக்கு மூச்சு முட்டேல்லை. அவவைப் பாக்கேலாமல்தான் உங்களிட்டை இறங்கி வந்தனான். நீங்கள் வாய் திறக்கேல்லை எண்டு தெரிஞ்சோடனை வாயிலை வந்ததைச் சொன்னன். செத்தவ என்னைப் பிள்ளை மாதிரி வைச்சிருந்தவ. அவவின்ரை மகள் இண்டைக்கும் நான் என்ரை சுகத்துக்குத் திறந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. நீங்கள் மலரிலை எழுதினால் அவ வாசிப்பாவோ? அவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பாத்தியளே" என்று மறுபடி வாளிக்குள் கையை விட்டார். "இதிலையும் லேசான பக்கத்தைத்தான் பிடிச்சிருக்கிறியள்."

தாய் இறந்ததிலிருந்து மகள் அந்த வீட்டிலேயே இருக்கிறார். போய் மணி அடித்தேன். ஏதோ வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே இத்தாலியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜசிந்தா கேட்டது, நான் சொன்னது, படியடியில் அவர் காத்து நின்றது, அவருக்கு மூச்சு முட்டவில்லை என்பது. மகள் சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்:

"இத்தனை வருடமும் ஒவ்வொரு நாள் காலையிலும் நீ எனக்கு வணக்கம் சொன்னாய்."

"ஓம், சிஞ்ஞோரா" என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

ஜசிந்தா எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். உணவகம் எந்த நாள் பூட்டு என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். "திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறோம். நீயும் வருகிறாய். எனக்குச் சொன்னதை அவள் முன்னால், இதே இத்தாலியத்தில், முழுதாகச் சொல்லப் போகிறாய்" என்றார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிற்கும்போது என் நாக்கு ஒருமுறை செய்ததை மறுபடி செய்யாது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே இதை இன்றைக்கே மலர்க் குழுவிடம் கொடுத்துவிடுகிறேன். ஜசிந்தா என்னிடம் கேட்டுத்தான் திறந்தார். திற என்று சொன்னவன் நான். இதை அப்படியே அச்சிடுங்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு நான் வந்து திருப்பிக் கேட்டாலும் தர வேண்டாம்.